பூனை எப்போதும் நான்கு காலில்தான் விழுமா?

மாணவர்களே, உங்களில் பலர் வீட்டில் பூனை வளர்ப்பீர்கள். "பூனைக்கென்ன, எங்கிருந்து விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும்" என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாட்டி மட்டுமல்ல, நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். கல்லூரியில் கோண உந்தம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு பூனையைத் தலைகீழாக வரைந்து, அது அந்தரத்தில் எப்படித் திரும்புகிறது என்று விளக்குவது என் வழக்கம். மாணவர்கள் என் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாடமும் மனத்தில் நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பூனை, மூன்றாம் மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு புறாவை நோக்கிப் பாய்ந்து கீழே விழுந்தது. நான்கு காலில்தான் விழுந்தது. ஆனால் நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அதன் கீழ்த்தாடை நடுவில் பிளந்திருந்தது. வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே அப்பா சொன்னீங்க?" என்றாள் என் மகள். பால்கனிக் கதவைத் திறந்து வைத்தவனும் நான்தான்.

என் பாடத்தில் பிழை எங்கே? பார்ப்போம்.

பூனை அந்தரத்தில் திரும்புவது உண்மை. இயற்பியல் மேதை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்கூட இதை ஆராய்ந்திருக்கிறார். அவர் பூனைகளைச் சன்னல் வழியாக எறிந்தார் என்று கேம்பிரிட்ஜில் ஒரு கதை உலவியது. 1870-இல் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதை மறுத்தார். மேசை அல்லது படுக்கையின் மேல் இரண்டு அங்குல உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பதே முறை என்றும், அப்போதுகூடப் பூனை காலில்தான் இறங்குகிறது என்றும் எழுதினார். 1894-இல் பிரெஞ்சு அறிவியலறிஞர் எத்தியேன் ழூல் மாரே, விழும் பூனையை அடுத்தடுத்துப் படம் பிடித்துக் காட்டினார். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத வெளியில் ஒரு பொருள் தானாகத் திரும்ப முடியுமா என்று அறிஞர்களே வாதிட்ட காலம் அது.

கோண உந்த மாறா விதியைப் பூனை மீறுவதில்லை. அது இடுப்பை வளைத்து உடலை இரு பாதிகளாக்கிக் கொள்கிறது. முன்கால்களை மடக்கி, பின்கால்களை நீட்டுகிறது. இப்போது முன்பாதியின் நிலைமத் திருப்புத்திறன் குறைவு, பின்பாதிக்கு அதிகம். ஆகவே முன்பாதி ஒரு பக்கம் நிறையத் திரும்பும்போது, பின்பாதி எதிர்ப்பக்கம் சிறிதளவே திரும்புகிறது. பிறகு முன்கால்களை நீட்டி, பின்கால்களை மடக்கி, பின்பாதியைத் திருப்பிக்கொள்கிறது. மொத்தக் கோண உந்தம் தொடக்கத்திலும் சுழி, முடிவிலும் சுழி. (இதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் பூனையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மாரேயின் படங்களே போதும்.)

திரும்புவது சரி. இறங்குவது? இங்கேதான் நான் பாடத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தேன்.

எங்கள் மூன்றாம் மாடி தரையிலிருந்து ஏறக்குறைய 10 மீட்டர் உயரம். v² = 2gh என்ற சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். விழுவதற்கு ஆன நேரம் ஒன்றரை வினாடிகூட இல்லை. பூனையின் கால்கள் சுருள்வில்போல் மடங்கி வேகத்தைத் தணிக்கின்றன. அந்த மடங்கும் தூரம் 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 10 மீட்டர் விழுந்து பெற்ற ஆற்றலை 15 சென்டிமீட்டருக்குள் செலவிட வேண்டும். 10-ஐ 0.15-ஆல் வகுத்தால் 67. பூனையின் உடல் சராசரியாகத் தன் எடையைப்போல் 67 மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் பூனை 4 கிலோ. அப்படியானால் 268 கிலோ சுமை! இரண்டு மீட்டர் மதிலிலிருந்து குதிக்கும்போது இதே கணக்கு 13 மடங்கோடு முடிந்துவிடுகிறது. மதிலுக்கு ஏற்ற கால்கள் மாடிக்குப் போதவில்லை. கால்கள் முழுக்க மடங்கிய பிறகும் மிஞ்சும் வேகத்தோடு மார்பும் மோவாயும் தரையில் மோதுகின்றன. எங்கள் பூனைக்கு நேர்ந்தது இதுவே.

இது அரிதான விபத்து அன்று. நியூயார்க் நகரத்தின் ஒரு பெரிய விலங்கு மருத்துவமனைக்கு மாடிகளிலிருந்து விழுந்து கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி, அங்கிருந்த மருத்துவர்கள் 1987-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை தேவைப்பட்டது. இன்னொரு விந்தையும் அதில் இருந்தது. ஏழு மாடி உயரம்வரை காயங்கள் கூடிக்கொண்டே போயின. அதற்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் குறைந்திருந்தன!

அவர்கள் தந்த விளக்கம் இயற்பியலோடு பொருந்துகிறது. விழும் பூனையின் வேகம் கூடக்கூடக் காற்றுத்தடையும் கூடுகிறது. மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் தடையும் எடையும் சமமாகிவிடும். அதுவே முற்றுத்திசைவேகம். அதன் பிறகு பூனை தளர்ந்து, கால்களைப் பரப்பிக்கொள்ளுமாம். விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள்: பத்தாம் மாடியிலிருந்து விழுந்து அங்கேயே இறந்த பூனையை யாராவது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களா? பிழைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவை மட்டுமே அந்த 132-க்குள் வந்திருக்கலாம் அல்லவா? பின்னால் பலரும் இந்த ஐயத்தை எழுப்பியிருக்கிறார்கள். செய்தித்தாளில் எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும், கணக்கில் வராமல் போனவை எவை என்று தேடும் பழக்கம் எனக்கு இந்தப் பூனைகளால் வந்தது.

"எங்கள் வீடு தரைத்தளம்தானே சார்" என்பீர்கள். நல்லது, அப்படியானால் சாலைக்கு வருவோம்.

இருட்டில் பூனையின் கண்பாவை வட்டமாக விரிந்துவிடும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலமும் உண்டு. விழித்திரையில் சிக்காமல் தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்ப, விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும். இப்படி விரியத் திறந்து வைத்த கண்ணில் லாரியின் முகப்பு விளக்கு பாய்ந்தால் என்ன ஆகும்? பூனைக்கு ஒன்றும் தெரியாது. நடுச்சாலையில் அப்படியே நின்றுவிடும். ஓட்டுநருக்கோ, பூனை அவரை நேராகப் பார்த்தால் மட்டுமே அந்தக் கண்கள் பளபளக்கும்; வேறு பக்கம் பார்த்தால் அதுவும் இல்லை. (இங்கிலாந்தின் பெர்சி ஷா 1934-இல் இந்தத் தத்துவத்தில்தான் சாலையில் பதிக்கும் 'பூனைக் கண்' கண்ணாடிகளை உருவாக்கினார்.)

அவர் நினைத்தாலும் உடனே நிறுத்த முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி. அதன் பிறகு நல்ல உலர்ந்த சாலையில்கூட இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37 மீட்டர்! மங்கிய விளக்கில் ஒரு சாம்பல் நிறப் பூனை அத்தனை தூரத்திலா கண்ணில் படும்?

நின்றிருக்கும் காரும் ஆபத்துதான். உடலைச் சூடாக வைத்திருக்கக் கூடுதல் ஆற்றல் செலவிடாமல் பூனை இருக்க வேண்டுமானால், சுற்றுப்புறம் 30 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே நமக்கு இதமான மார்கழி இரவு அதற்குக் குளிர். அப்போதுதான் நிறுத்திய காரின் என்ஜின் பக்கத்தில் போய்ச் சுருண்டுகொள்ளும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டச் சொல்லி அப்பாவிடம் சொல்லுங்கள்.

நோய்களைப் பற்றிச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெளியே நாயிடம் கடிபட்டு வரும் பூனைக்கு ரேபீஸ் எனப்படும் வெறிநோய் வரலாம். அதனிடமிருந்து நமக்கும் வரலாம். அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. பூனை கடித்தாலும் பிராண்டினாலும் வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். பூனைக்கும் தடுப்பூசி உண்டு.

வெளியே போகும் பூனையால் மற்ற உயிர்களுக்கும் ஆபத்து. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பங்கு வீடற்ற பூனைகளின் வேலைதான். ஆனாலும் நம் வீட்டுப் பூனை தின்ற அணிலும் ஓணானும் எந்தக் கணக்கில்?

"அடைத்து வைத்தால் பாவமில்லையா?" என்று என் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. வேட்டையாடப் பிறந்த பிராணியைச் சும்மா அடைத்தால் அது சோர்ந்துதான் போகும். அதனால் வேட்டையை வீட்டுக்குள் கொண்டு வந்தோம். ஒரு கயிற்றின் நுனியில் இறகைக் கட்டி, காலையும் மாலையும் பத்து நிமிடம் மகள் இழுத்துக்கொண்டு ஓடுவாள். இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் இப்படி விளையாடிய பூனைகள் வேட்டையாடிக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. பால்கனிக்குப் புறாக்களைத் தடுக்க விற்கும் நைலான் வலையைக் கட்டினோம். கண்ணிகள் பூனையின் தலை நுழையாத அளவுக்குச் சிறியவையாக இருக்க வேண்டும். எட்டிப் பார்க்கச் சன்னலோரம் ஒரு பழைய மரப்பெட்டி வைத்தோம்.

தாடையை மெல்லிய கம்பியால் கட்டிய மருத்துவர் சில வாரங்கள் கழித்து அதை எடுத்தார். தாடை இன்றும் சற்றுக் கோணல்தான். வலைக்கு அப்பால் புறா வந்து உட்காரும்போது அந்தத் தாடை படபடவென்று துடித்து, ஏதோ தந்தி அடிப்பதுபோல் ஓர் ஒலி எழுப்புகிறது. அதன் அதிர்வெண்ணை அளக்க வேண்டும் என்று மகளும் நானும் ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு முறை காத்திருந்தோம். இரண்டு முறையும் புறா வரவில்லை.