மூச்சை எண்ணுதல்

ஆஸ்பத்திரியில் நன்றாய்ப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நிலைமை மோசமாகிவிட்டது என்று உறவினர் சொல்லக் கேட்கிறோம். ஆனால் அப்படிப்பட்ட பலருடைய சார்ட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், பல மணி நேரத்துக்கு முன்பிருந்தே சுவாசமும் நாடியும் சிறுகச் சிறுக மாறி வந்ததும், அம்மாறுதல்களை ஒன்றுசேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் அவகாசம் வாய்க்காததும் தெரியவரும்.

இக்குறையைப் போக்கும் பொருட்டு, லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் பொதுவானதொரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வகுத்து, 2017-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. சுவாசம், ரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, ரத்த அழுத்தம், நாடி, பிரக்ஞை, உஷ்ணம் ஆகிய ஆறும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அதற்கேற்ப ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 3 வரை மதிப்பெண். பிராணவாயு செலுத்தப்படுகிறவராயின் மேலும் 2.

ஒரு நோயாளியை எண்ணிப் பாருங்கள். நிமிஷத்துக்கு 22 மூச்சு, பிராணவாயு 95 சதவீதம், நாடி 104, மேல் அழுத்தம் 108, உஷ்ணம் 38.4 டிகிரி செல்ஷியஸ். பேச்சில் தெளிவு இருக்கிறது. இவற்றுள் எதைத் தனியே பார்த்தாலும் யாரும் பதற மாட்டார்கள். மூச்சுக்கு 2, பிரக்ஞைக்குப் பூஜ்யம், மற்ற நான்குக்கும் ஒவ்வொன்று என்று கூட்டினாலோ 6 வருகிறது. 5-ஐ எட்டினாலே வைத்தியர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7 ஆகிவிட்டால் தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்ற குழுவையே அழைக்க வேண்டும் என்பது விதி.

காகிதத்தில் கூட்டும்போது, அதிலும் இரவு மூன்று மணிக்கு முப்பது படுக்கைகளைக் கவனிக்கும் ஒருவர் கூட்டும்போது, பிழை நேர்வது இயற்கை. ஆகவேதான் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரத்து ஆஸ்பத்திரியில், இந்தத் தேசிய முறை பிறப்பதற்கு முன்பே, படுக்கையருகில் நின்றபடியே நர்ஸுகள் கைக்கருவியில் எண்களைப் பதிய, கருவியே கூட்டிச் சொல்லி, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் நினைவூட்டும் ஏற்பாடு வந்துவிட்டது. இதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். எனினும் நாடியையும் அழுத்தத்தையும் யந்திரம் அளந்துவிடுகிற சாதாரண வார்டில்கூட, மூச்சை மட்டும் பெரும்பாலும் மனிதக் கண்ணே எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணுகிறார்கள் என்று அறிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், அனுபவமுள்ள நர்ஸ் நாடி பார்ப்பவர்போல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தோடு சேர்த்துக் கவனிப்பார். வேலை மிகுதியில் எண்ணாமலே, வழக்கம்போல் 18 என்று ஒருவர் எழுதிவிட்டாரென்றால், நாம் மேலே பார்த்த அதே நோயாளிக்குக் கருவி ஒரு பிழையுமின்றி 4 என்று கூட்டும். வைத்தியருக்கு அவசர அழைப்புப் போகாது.