நிரல் முகவர்களுக்கான மணற்பெட்டியைச் சோதித்தல்

நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு முகவர் தான் எழுதியதைத் தானே இயக்கியும் பார்க்கும். 2025 சூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் முகவர் ஒன்று, எதையும் மாற்றவேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தும், ஒரு பயனரின் நடப்புத் தரவுத்தளத்தை அழித்தது. இத்தகைய இழப்பைத் தடுக்க முகவரை அடைத்துவைக்கும் தனிச் சூழலே மணற்பெட்டி எனப்படும். இக்கருத்து பழையது: 1979இல் யூனிக்சு 7ஆம் பதிப்பின் காலத்திலேயே குரூட் என்னும் அழைப்பு வந்துவிட்டது. 2013இல் வெளியான டாக்கர் இதைப் பரவலாக்கியது.

பேரணாம்பட்டு, ஆம்பூர் போன்ற தோல் பதனிடும் ஊர்களில் உள்ளோருக்கு ஓர் ஒப்புமை எளிதில் விளங்கும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் உள்ளே வரும் நீரையும் வெளியேறும் நீரையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். மணற்பெட்டிக்கும் இரு சோதனைகள் வேண்டும்.

முதலாவது, பிழை நிரலிலா பெட்டியிலா என்பது. ஒரு சோதனை 137 என்ற வெளியேறு எண்ணுடன் நின்றால், அது 128 உடன் 9 சேர்ந்தது. அதாவது 9ஆம் குறிகை நிரலைக் கொன்றுள்ளது. பெரும்பாலும் நினைவக வரம்பு மீறியதே காரணம். லினக்சில் அக்கட்டுப்பாட்டுக் குழுவின் நினைவக நிகழ்வுக் கோப்பைப் பார்த்தால் உறுதியாகும். 127 என்றால் கட்டளையே அங்கு இல்லை. வலையமைப்பு மூடப்பட்டிருந்தால் தொகுப்புகள் இறங்கா. இவற்றை அறியாத முகவர், பழுதே இல்லாத நிரலைத் திருத்தத் தொடங்கிவிடும். பிறகு எது பிழை என்று மனிதருக்கும் புரியாது. மூல பயனராக இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், செக்காம்ப் வடிகட்டியைச் சந்தேகிக்கலாம். எந்த அழைப்பு மறுக்கப்பட்டது என்பதை ஸ்ட்ரேஸ் கருவி காட்டும்.

இரண்டாவது, கசிவு. என் கருத்தில் இதுவே முக்கியம், ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். டாக்கரின் கட்டுப்பாட்டு இணைப்புக் கோப்பு பெட்டிக்குள் தெரிந்தால், வெளிக்கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்ததற்குச் சமம். சூழல் மாறிகளில் கடவுச்சாவிகள் உள்ளனவா, மேகக் கணினியின் 169.254.169.254 முகவரி எட்டுகிறதா என்றும் பார்க்கவேண்டும். தடைசெய்த இடத்துக்கு எழுத முயன்று, அது தோற்கிறதா என்று சோதிப்பதே நம்பகமானது. முகவரையே கேட்டு அதன் பதிலை ஏற்பது சோதனை ஆகாது. பதிவேடுகளைப் பெட்டிக்கு வெளியே வைத்துப் படிக்கவேண்டும், உள்ளே வைத்தால் முகவரே அவற்றை அழித்துவிட முடியும்.

சாதாரணக் கொள்கலன்கள் வெளிக்கணினியின் கருனியையே பகிர்கின்றன. கருனியில் ஓட்டை இருந்தால் சுவரும் ஓட்டைதான். எனவே நம்பமுடியாத நிரலுக்கு, தனிக் கருனியுடன் இயங்கும் ஃபயர்கிராக்கர் (2018) போன்ற நுண் மெய்நிகர் பொறிகள் பயன்படுகின்றன.