இருபது நோக்குகள்

பியானோவுக்குச் சொல் இல்லை. வேதாகமமோ சொல்லினால் ஆனது. யோவான் தமது சுவிசேஷத்தையே வார்த்தையிலிருந்துதான் தொடங்குகின்றார். அத்தகைய நூலுக்குச் சொல்லற்ற கருவியொன்றில் இசை வகுப்பது எங்ஙனம்? மேனாட்டு இசைவாணர் சிலர் இவ்வினாவுக்கு விடை தேடியிருக்கின்றனர்.

ஜெர்மானியரான யோஹான் கூனாவ், பியானோ பரவுவதற்கு முன்னரே, 1700ஆம் ஆண்டில் பழைய ஏற்பாட்டுக் கதைகள் ஆறினைக் கட்டைகளையுடைய வாத்தியங்களுக்கென அமைத்து வெளியிட்டார். தாவீது கோலியாத்தை வீழ்த்தும் போரை அங்கே விரல்களே நடித்துக் காட்டுகின்றன. கேட்போர் தடுமாறாதிருக்க உரைநடையில் விளக்கமும் எழுதி வைத்தார். சுவையான கதாப்பிரசங்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விளக்கத்தை எடுத்துவிட்டால் கவண்கல் எது, அரக்கன் எது என்பது கேட்பவன் ஊகத்தைப் பொறுத்ததாகிவிடுகின்றது.

பிரெஞ்சு இசைமேதை ஒலிவியே மெசியான் சென்ற வழி வேறு. பாரிஸ் நகரத்துத் திரித்துவ ஆலயத்தில் 1931ஆம் ஆண்டு முதல் 1992இல் மறையும் வரை ஆர்கன் வாசித்தவர் அவர். உலகப் போரிலே சிறைப்பட்டு, 1941ஆம் ஆண்டு ஜனவரியில் கைதிகள் முகாமிலேயே தமது நால்வரிசையை அரங்கேற்றியவர். விடுதலையாகிப் பாரிசுக்கு மீண்டபின், வானொலிக்கான பணியொன்றாகத் தொடங்கிய எண்ணம் அவரிடத்தில் பெருகி, இரண்டு மணி நேரம் நீளும் இருபது பியானோப் படைப்புகளாக விரிந்தது. ‘குழந்தை இயேசுவின் மீது இருபது நோக்குகள்’ என்பது அதன் பெயர்.

நோக்கு என்ற சொல்லை நாம் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் அதனைச் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாக வைத்தார். மெசியானும் கதை சொல்லவில்லை, நோக்குகின்றார். பிதா நோக்குகின்றார், விண்மீன் நோக்குகின்றது, கன்னித்தாய் நோக்குகின்றாள், சிலுவையும் நோக்குகின்றது. இரண்டாம் பகுதியான விண்மீனுக்கும் ஏழாம் பகுதியான சிலுவைக்கும் அவர் ஒரே இன்னிசையை அமைத்தார். ஒன்று அக்குழந்தையின் மண்ணுலக வாழ்வைத் திறக்கின்றது, மற்றது மூடுகின்றது. பக்கம் பக்கமாக எழுத வேண்டிய ஒரு கருத்தை இங்கே ஒரு மெட்டே சொல்லிவிடுகின்றது. கூனாவின் கவண்கல்லினும் இதுவே ஆழமானதென்பது என் துணிபு.

தமிழ் வாசகருக்கு இதில் உறவொன்றும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் கூறும் 120 தேசிதாளங்களின் பட்டியலைப் பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியமொன்றில் கண்டு, குருமுகமாகவன்றித் தாமே ஆராய்ந்தார் மெசியான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், இங்கே உதவிற்று. ஐந்தாம் பகுதியில் ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்னும் மூன்று தாளங்களும் தொடர்ந்து வர, அவற்றின் கீழே தெய்வத்துக்குரிய இன்னிசை மெல்ல நகர்கின்றது. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே அமையும் தாளக்கட்டுகளிலும் அவருக்குப் பெருவிருப்பு. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எழுத்தில் அவர் செய்ததைக் காலத்தில் இவர் செய்தார்.

இவ்விருபதையும் அவர் எழுதிய காலம் 1944ஆம் ஆண்டு மார்ச் 23 முதல் செப்டெம்பர் 8 வரை. ஜெர்மன் படையின் பிடியிலிருந்த பாரிஸ், ஆகஸ்ட் 25இல் விடுதலை பெற்றது. அதாவது தெருவிலே துப்பாக்கிகள் வெடித்துக் கொண்டிருந்த நாட்களும் இவ்வேலைக்குள் அடங்கும். நான் எத்தனை முறை கேட்டும் அந்த வெடியோசையை இவ்விசையிலே காணவில்லை. சிலர் இதனை உலகை மறந்த போக்கென்பர். சிறைமுகாமிலிருந்து வந்த மனிதர் உலகை அறியாதிருந்தார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1945 மார்ச் 26ஆம் நாள் பாரிசிலே அரங்கேற்றம் நிகழ்ந்தது. வாசித்தவர் அவருடைய மாணவி இவோன் லொரியோ, வயது இருபத்தொன்று. பிற்காலத்தில், 1961இல், அவரையே மெசியான் மணந்தார். அன்று ஒவ்வொரு பகுதிக்கும் முன்னர் ஆசிரியர் தாமே விளக்கம் படித்தார். பத்திரிகை விமர்சகர் சிலர் இசையைவிட அவ்விளக்கங்களையே கடுமையாகச் சாடினர். பெரிய சர்ச்சையாகவே அது வளர்ந்தது. சாடியதிலே நியாயம் சிறிது உண்டு. பதினொன்றாம் பகுதியில், கருவுற்ற மரியாள் தன்னுள் இருக்கும் மகவை வணங்குகின்றாள். பியானோவின் தாழ்ந்த சுரமொன்று திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. அது குழந்தையின் இதயத் துடிப்பென்று சொல்லித்தான் நான் அறிந்தேன். சொல்லாதிருந்தால் அறிந்திருப்பேனா என்பது ஐயமே. ஆயினும் அறிந்தபின் அதை வேறொன்றாகக் கேட்க என்னால் இயலவில்லை.

அச்சிட்ட இசைப்பிரதியில் அவ்விளக்கங்கள் இன்றும் இருக்கின்றன. மேடையேறும் கலைஞர் பலர் அவற்றைப் படிப்பதில்லை. நேரே கட்டைகளின் மீது கையை வைக்கின்றனர்.