குரலுக்குரியவர் யார்?

நள்ளிரவு, நெடுநாள் பூட்டிக் கிடந்த மாளிகை, எங்கிருந்தோ ஒரு பெண் பாடுகிறாள். தேடிச் செல்பவன் அவளை ஊஞ்சலிலே காண்கிறான், நெருங்கினால் மறைந்துவிடுகிறாள். 1949இல் கமால் அம்ரோஹியின் இயக்கத்தில் வெளிவந்த ‘மகால்’ என்னும் இந்திப் படத்தின் காட்சி இது.

கேம்சந்த் பிரகாஷ் இசையமைத்த அப்பாடலின் தொடக்கத்தில் தாளம் இல்லை. குரல் மட்டும் தொலைவிலிருந்து மெல்ல நெருங்கி வருகிறது. அவ்வுணர்வு பிறக்கும்பொருட்டு, பாடகி ஒலிவாங்கியை நோக்கி நடந்து வந்தவாறே பாடினாராம்.

பாடியவர் யார்? இசைத்தட்டிலே ‘காமினி’ என்றே பொறித்திருந்தது. அதுவோ மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! பாடியவரை விடுத்துப் பாத்திரத்தின் பெயரைப் பொறிப்பது அந்நாளில் வழக்கமாயிருந்தது. வானொலி நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்ட பின்னரே லதா மங்கேஷ்கர் என்னும் பெயரை உலகம் அறிந்தது.

கதையின் முடிவில், ஆவியென எண்ணப்பட்டவள் தோட்டக்காரனின் மகளே எனத் தெளிவாகிறது. திரையில் ஆவியாக உலவியவள் உயிருள்ள பெண். திரைக்குப் பின்னே, உயிருள்ள பாடகியோ பெயரற்ற ஆவியாக இருந்தார்!

பின்னர் ‘மதுமதி’ (1958), ‘பீஸ் சால் பாத்’ (1962) ஆகிய படங்களில் இத்தகைய பாடல்களுக்கே லதா பிலிம்பேர் விருது பெற்றார். பாட்டை விரும்பும் நாம், பாடியவரின் பெயரையும் கேட்டறிதல் அன்றோ முறை?