பாக்கும் பரம்பரை அலகும்

எங்கட மூத்தம்மாமாருக்கு இடிச்ச வெற்றிலை இல்லாட்டிப் பொழுது போகாது. "புகையிலை போடாட்டிப் பரவாயில்லை" என்பார்கள். அது சரியல்ல. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோய்தான்.

இது எப்படி நடக்கிறது? உடலின் கலங்களில் இருப்பவை ஒரே பரம்பரை அலகுகள்தாம். எது வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் கலத்துக்குக் கலம் வேறுபடும். பி16 என்ற அலகு, கலம் கண்டபடி பிரியாமல் தடுப்பது. அதன் தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டங்கள் ஒட்டிக்கொண்டால் எழுத்து அழியாது. ஆனால் வாசிக்க முடியாது. பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் கிதாபு மாதிரித்தான். தடை போனதும் கலம் பெருகுகிறது.

இலங்கையில் வெற்றிலை போடுவோரை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், புற்றாக மாறுமுன்னரே வாயின் கலங்களில் இந்தப் பூட்டு அடிக்கடி காணப்பட்டது. பிறகு, கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கதெரின் புரதத்தின் அலகும் அடங்கிவிட்டால், கலங்கள் கழன்று கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும்.

வாயில் வெள்ளைத் தழும்பு, வாயை முழுசாகத் திறக்க ஏலாமை, இரண்டு கிழமை கடந்தும் ஆறாத புண் இருந்தால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். நோவில்லையே என்று இருந்திடாதீங்க. ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது.