ஜொகூர் மன்னரின் விருது வரிசைகள்

மன்னர் தம் ஆட்சிக்கு உறுதுணையாயினாரைப் பட்டமும் அணியும் தந்து சிறப்பித்தல் தொன்றுதொட்டு எந்நாட்டிலும் நிலவிவரும் வழக்கமாகும். படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், அமைச்சர்க்கும் வேளாண்குடி முதல்வர்க்கும் காவிதி என்றும், வணிகர்க்கு எட்டி என்றும் பட்டமளித்து, மோதிரமும் பொற்பூவும் வழங்கிய தமிழ் வேந்தரின் செய்தியை நம் மாணாக்கரும் கற்றறிவர். மலாய் நாட்டுச் சுல்தான்கள் வழங்கும் விருதுகளோ, பெயரளவில் நம் செவிக்குப் பழகியனவேயன்றிப் பொருளளவில் பழகியனவல்ல. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மலாயாவோடு மூன்று நான்கு தலைமுறைத் தொடர்புண்டு. திருமண அழைப்பிதழிலே ‘டத்தோ’ என்னும் சொல்லைக் காணுமிடத்து, அதனைக் குடும்பப் பெயரெனக் கொள்வாரும், ஆங்கிலேயரின் ‘சேர்’ பட்டத்துக்கு மலாய் மொழிபெயர்ப்பெனக் கொள்வாரும் நம்மிடையே உளர். இரண்டும் பொருந்தா. ஆதலின், மலாய் அரசுகளுள் இத்துறையில் முன்னோடியாகிய ஜொகூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விருதுகளின் இயல்பை ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ‘வரிசை’ என்னும் சொல்லை நோக்குவாம். ஒழுங்குபட நிற்றலும் வரிசையே. மன்னரும் கோயிலாரும் ஒருவர்க்குச் செய்யும் சிறப்பும் வரிசையே. ஆங்கிலத்திலே ‘ஓர்டர்’ என்னும் சொல்லும் ஒழுங்கையும், ஒரு நெறிக்குட்பட்ட குழாத்தையும் குறிக்கும். மலாய் மொழியில் வழங்கும் ‘டார்ஜா’ என்பது படி, தரம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆகவே, விருது என்பது வெறும் பதக்கமன்று. மன்னரை நடுவாகக் கொண்ட ஓர் ஒழுங்கினுள் ஒருவர்க்கு இடமளித்தலேயாம் என்பது இம்மூன்று சொற்களாலும் பெறப்படும்.

ஐரோப்பாவிலே இவ்வழக்கம் போர்வீரர் குழாங்களிலிருந்து தோன்றியது. இங்கிலாந்தின் கார்ட்டர் வரிசை 1348 ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்டது. மலாய் நாட்டில் அத்தகைய வீரர் குழாங்கள் இருந்தில. எனினும் பட்டமளிக்கும் மரபு அங்கே மிகப் பழையது. மலாக்கா அரசின் பெருமை கூறும் ‘செஜாரா மெலாயு’ என்னும் நூல், பட்டம் பெறுவாரைத் தகுதிக்கேற்ப யானைமீதேனும் குதிரைமீதேனும் அரண்மனைக்கு அழைத்து வருதலையும், மன்னர் அளிக்கும் ஆடைகளைத் தட்டுகளில் ஏந்தி வருதலையும், அத்தட்டுகளின் தொகை பெறுவாரின் நிலைக்கேற்ப வேறுபடுதலையும் விரித்துரைக்கின்றது. மஞ்சள் நிறம் அரச குடும்பத்தினர்க்கே உரியதென விலக்கப்பட்டிருந்தமையும் அந்நூலாற் புலனாம். எனவே, சிறப்புச் செய்தலை மலாயர் ஐரோப்பியரிடம் கற்றனர் என்பது பிழை. நட்சத்திரமும் பட்டுநாடாவுமாகிய புறவடிவத்தையே பின்னாளில் ஏற்றனர்.

அவ்வடிவத்தை ஏற்றவர் ஜொகூர் மன்னர் அபுபக்கர். அவர் அதனை ஏற்றதற்குத் தக்கதொரு காரணம் உண்டு. அவருடைய தந்தையார் இப்ராகிம் தெமெங்கோங் என்னும் பதவியினர்; சுல்தான் அல்லர். 1855 ஆம் ஆண்டின் உடன்படிக்கையாலேயே ஜொகூரின் ஆட்சியுரிமை அவர்க்குக் கிட்டியது. சுல்தான் என்னும் பெயரோ பழைய அரச மரபினரிடத்தே நின்றது. 1862 இல் தந்தையார்க்குப் பின் ஆட்சியேற்ற அபுபக்கர், 1866 இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியாரைக் கண்டார். 1868 இல் மகாராஜா எனப் பெயர் பூண்டார். பிரித்தானிய முடியின் உயர்ந்த விருதுகள் சிலவும் அவரை அடைந்தன. ஆயினும், விருது பெறுவோனினும் விருது தருவோனே அரசன் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார் எனக் கொள்ளுதற்கு அவர்தம் பிற்செயல்களே சான்றாம். 1885 டிசம்பரில் இலண்டனிற் செய்த உடன்படிக்கை அவரை ஜொகூர் நாட்டின் சுல்தானாக ஏற்றது. 1886 ஜூலையில் அவர் முடிசூடினார். மலாய் மன்னர் பிறர் அரியணை ஏறுங்கால் பட்டுத் தலைப்பாகையே அணிதல் மரபாக, ஜொகூர் மன்னர் பொன்முடி புனைதல் அவர் தொடக்கிய வழக்காகும். அதே ஜூலை 31 ஆம் நாளிலே இரு விருது வரிசைகளையும் அவர் நிறுவினார்.

முதலாவது ‘டார்ஜா கெராபாட்’. கெராபாட் என்பது உறவு, சுற்றம் எனப் பொருள்படும். இரு வகுப்புகளையுடைய இவ்வரிசை, பெயருக்கேற்ப அரச குடும்பத்தினர்க்கும், பிற நாட்டு மன்னர்க்கும், மிக உயர்ந்தோர் சிலர்க்குமே உரியது. பிறநாட்டு வேந்தர் ஒருவர்க்கு இதனை அளிக்குங்கால், ‘நீவிர் எம் உறவினர்’ என ஜொகூர் மன்னர் கூறுகின்றார். உறவு கூறுதல் ஒத்தாரிடையே நிகழ்வதன்றோ? ஆங்கிலப் பேரரசின் நிழலிலே நின்ற சிறு நாடொன்றின் மன்னர், பேரரசரோடு தம்மை ஒப்ப வைத்துப் பேசுதற்கு இவ்விருது ஒரு மொழியாயிற்று.

இரண்டாவது ‘டார்ஜா மகோத்தா ஜொகூர்’, அதாவது ஜொகூர் முடியின் வரிசை. நாட்டுக்குத் தொண்டு செய்தார்க்குரியது இதுவே. இதன் வகுப்புகள் மூன்று. முதல் வகுப்பு ‘ஸ்ரீ பாதுகா மகோத்தா’. இரண்டாவது ‘பாதுகா மகோத்தா’. மூன்றாவது ‘செத்தியா மகோத்தா’. முதலிரு வகுப்பினரே டத்தோ எனப்படுவர். மூன்றாம் வகுப்பினர் பெயர்க்குப் பின்னே எழுத்துகளை இட்டுக்கொள்வரேயன்றிப் பெயர்க்கு முன்னே பட்டம் சூடார்.

இச்சொற்களைத் தமிழறிந்தார் சற்று நின்று நோக்குதல் தகும். மகோத்தா என்பது நாம் மகுடம் என வழங்கும் வடசொல்லே. ஸ்ரீ என்பது திரு. பாதுகா என்பது பாதுகை. மன்னரை நேரே சுட்டாது அவர்தம் திருவடி நிலையைச் சுட்டிப் பேசும் பணிவு, மலாய் மொழியில் மதிப்புரையாகவே நிலைத்துவிட்டது. செத்தியா என்பது சத்தியம் என்பதன் திரிபு. வடமொழியில் வாய்மையைக் குறிக்கும் அச்சொல், மலாய் நாட்டில் மன்னரிடத்து மாறாது நிற்கும் பற்றுறுதியைக் குறிக்கலாயிற்று. பிற விருதுப் பெயர்களில் வரும் பக்தி என்பது தொண்டையும், யசஸ் என்பதன் வழிவந்த ஜாசா என்பது நற்பணியையும் உணர்த்தும். டார்ஜாவும் கெராபாட்டும் அரபு, மகோத்தாவும் பாதுகாவும் வடமொழி, டத்தோ மலாய். அந்நாட்டின் வரலாறு முழுவதும் ஒரு விருதின் பெயரிலேயே அடங்கியிருத்தல் காண்க.

இனி, டத்தோ என்பதன் அடிப்படைப் பொருள் பாட்டனார் அல்லது குடிமுதல்வர் என்பதாம். குதிரை வீரனாகிய நைட்டினைக் குறித்தெழுந்த ‘சேர்’ பட்டத்தோடு இதற்குப் பிறப்பளவில் தொடர்பில்லை. விருதின்வழி வரும் இப்பட்டம் பெற்றவரின் வாழ்நாளளவினது, மகனுக்குச் செல்லாது. டத்தோவின் மனைவியார் டத்தின் எனப்படுவர். துன், டான் ஸ்ரீ என்னும் பட்டங்களோ இந்நாளில் கூட்டரசின் பட்டங்களாம். மலாய் மன்னர் ஒன்பதின்மருள் ஐந்தாண்டுக்கொருமுறை தேர்ந்தெடுக்கப்படும் பேரரசர் அவற்றை அளிக்கின்றார். அவ்விருதுகள் 1958 முதற்கொண்டு வழங்கி வருவன.

ஜொகூர் மன்னரின் அரசுரிமை வெறும் அணிகலத்தளவில் நின்றதோ என ஐயுறுவார்க்கு 1894 ஆம் ஆண்டின் வழக்கொன்று விடை கூறும். மணஞ்செய்வதாக வாக்களித்து மீறினார் என ஆங்கிலப் பெண்ணொருத்தி அபுபக்கர்மீது இலண்டனில் வழக்குத் தொடுத்தாள். அவர் அந்நாட்டில் அல்பேட் பேக்கர் என்னும் பெயரோடு வாழ்ந்தார் என்பது அவள் கூற்று. குடியேற்றநாட்டு அமைச்சகமோ அவர் தன்னுரிமையுடைய மன்னரென நீதிமன்றுக்கு எழுத்துமூலம் அறிவித்தது. தன்னுரிமை மன்னரை அவர்தம் இசைவின்றி விசாரித்தல் இயலாதென மன்று வழக்கைத் தள்ளியது. சட்டம் பயில்வோர் இன்றும் கற்கும் தீர்ப்பு இது. அவ்வாறே, பிரித்தானிய அலுவலர் ஜொகூர் விருதை அணிதற்குத் தம் மன்னரின் இசைவு பெறல் வேண்டியதாயிற்று. பிறநாட்டு மன்னரின் விருதுக்குரிய விதி அதற்கும் பொருந்தியமையே காரணம். 1914 இல் ஜொகூர் ஆங்கில ஆலோசகரை ஏற்று ஆட்சியுரிமையின் பெரும்பகுதியை இழந்தபோதும், விருதளிக்கும் உரிமை மன்னரிடத்தே நின்றது.

ஏனைய அரசுகளும் ஒவ்வொன்றாய் இவ்வழி வந்தன. கிளந்தான் 1916 இலும், புரூணை 1954 இலும் தத்தம் வரிசைகளை நிறுவின. 1874 முதல் ஆங்கில ரெசிடென்டின் அறிவுரைக்குட்பட்டிருந்த பேராக் அரசின் முடி வரிசை, நாடு விடுதலை பெற்ற 1957 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. சிலாங்கூரின் முடி வரிசை 1961 இல் எழுந்தது.

நம்மவர்க்கு இவ்விருதுகள் எதனைக் குறித்தன? புகையிரதப் பகுதியிலும் அளவைப் பகுதியிலும் எழுதுவினைஞராய்ச் சென்ற இலங்கைத் தமிழர், நெடுங்காலம் ஆங்கில ஆட்சியின் ஊழியராகவே அங்கே கருதப்பட்டனர். அவர்தம் வழியினர் ஒருவரை மலாய் மன்னர் டத்தோ என அழைக்குங்கால், ‘உன் தொண்டு இம்மண்ணுக்குரியது’ என அந்நாடே கூறியதாயிற்று. 1949 இல் அமைந்த சமூக நல்லுறவுக் குழுவின் தலைவராயும், 1951 முதல் மலாயாக் கூட்டரசின் கல்விக்குரிய உறுப்பினராயும் பணியாற்றிய துரைசிங்கம் அவர்கள், டத்தோ சேர் கிளவ் துரைசிங்கம் என இரு மரபின் பட்டங்களையும் ஒருங்கே தாங்கினார். இரண்டனுள் மலாய்ப் பட்டமே முன்னிற்றல் கருதத்தக்கது. விருதைத் தருதல் அரசனின் உரிமையை நாட்டுவது போல, அதனைப் பெறுதல் பெறுவோனின் கடப்பாட்டை நாட்டுகின்றது. ‘செத்தியா’ என்னும் சொல் வாளா இடப்பட்டதன்று.

இக்காலத்தே இப்பட்டங்கள் பெருகிவிட்டன என்னும் முறையீடு மலேசிய நாட்டினரிடையே எழுந்துள்ளது. பணங்கொடுத்துப் பட்டம் பெற முயல்வாரும், இல்லாத அரசின் பெயரால் போலிப் பட்டம் விற்பாரும் தோன்றியமையால், அவற்றைத் தடுத்தற்கென 2017 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சிலாங்கூர் அரசு ஆண்டுதோறும் அளிக்கும் டத்தோப் பட்டங்களின் தொகைக்கும், பெறுவாரின் அகவைக்கும் வரம்பு வகுத்தது. தந்ததை மீட்கும் உரிமையும் மன்னர்க்குண்டு. 2019 இல் சிலாங்கூர் சுல்தான் முன்னாட் பிரதமர் ஒருவர்க்கு அளித்திருந்த பட்டங்களை இடைநிறுத்தினார். இவை விருதின் இழிவைக் காட்டுவனவல்ல. அதன் மதிப்பைக் காத்தற்கு எழுந்த வேலிகளே. வரிசையில் எல்லோரும் முன்னிற்பரேல் அது வரிசையாகாதன்றோ?

ஆதலின், நம் பழைய மாணாக்கருள் ஒருவரோ அவர்தம் மக்களுள் ஒருவரோ டத்தோவாக வந்து நம் மண்டபத்தில் அமரும்போது, அவர் அணிந்த நட்சத்திரத்தின் ஒளியில் மயங்காது, எந்த மன்னர் எத்தொண்டிற்காக அதனை அளித்தார் என வினவியறிதல் இளைஞர்க்கு முறையாகும். தக்கவர் அதற்கு உவந்து விடை கூறுவர். பட்டம் எதுவும் பெறாது புகையிரத நிலையத்திலும் தோட்ட வைத்தியசாலையிலும் முப்பதாண்டு உழைத்து, ஊரில் நம் கல்விச்சாலைகள் எழத் தம் ஊதியத்திற் பங்களித்த முன்னோரையும் அவ்வேளை நினைத்தல் வேண்டும். அவர்க்கு வரிசை செய்தல் மன்னரின் கடனன்று, நம் கடன்.