நேற்றைய நிலைக்குத் திரும்புதல்

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி குடியிருக்கக்கூடும் என்றால், முதன்முறை கேட்பவர்களுக்கு அது மாயாஜாலக் கதைபோலத் தோன்றும். ஆனால் செய்தி பழையது. 1972-ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்னும் ஏற்பாட்டை வெளியிட்டது. ஒரே பெரிய யந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டபோதும், ஒவ்வொருவரும் தமக்கென்று தனி யந்திரம் இருப்பதாகவே கருதி வேலை செய்ய அது இடம் தந்தது. இத்தகைய கணினியை மெய்நிகர் கணினி என்கிறோம்.

மெய்நிகர் கணினியின் வன்தட்டு என்பது, அதைத் தாங்கும் யந்திரத்திலுள்ள ஒரு பெரிய கோப்பே. பெரும்பாலும் வேறொன்றும் அன்று. ஆதலால் அக்கோப்பு இக்கணத்தில் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே நிறுத்திவைத்துக்கொண்டால், பின்னர் வேண்டும்போது அந்நிலைக்குத் திரும்பலாம். இதனையே ஸ்நாப்ஷாட் என்பர். ஒரு கல்லூரியின் தேர்வு மதிப்பெண்கள் அத்தகைய கணினி ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குப் புதிய மென்பொருளை நிறுவுகிறார்கள். 11 மணிக்கு மதிப்பெண் பட்டியல் திறக்க மறுக்கிறது. நிறுவுமுன் ஸ்நாப்ஷாட் எடுத்திருந்தால் சில நிமிடங்களில் பழைய நிலை மீளும். இல்லையேல் விடியும்வரை விழித்திருக்க வேண்டியதுதான்.

முழுக் கோப்பையும் நகல் எடுப்பதென்றால் காலமும் இடமும் வீணாகாவோ என்று நீங்கள் கேட்கலாம். நகல் எடுப்பதே இல்லை என்பதுதான் இதன் நயம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையை எடுத்துக்கொள்வோம். மாறிய தகவலை அது பழைய இடத்தின்மேல் எழுதுவதில்லை; புதிய இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தைப் பிறகு விடுவிக்கும். “பழையதை விடுவிக்காதே” என்று அதற்கு இடும் கட்டளையே ஸ்நாப்ஷாட். எடுக்கும் கணத்தில் ஏறக்குறைய இடமே செலவாவதில்லை.

ஆயின், செலவு பின்னால் வருகிறது. கணினி மேன்மேலும் எழுத எழுத, விடுவிக்கப்படாத பழைய இடங்கள் குவிகின்றன; எடைக்குப் போடாத செய்தித்தாள்கள் பரணை நிரப்புவதுபோல. வன்தட்டு நிரம்பிவிட்டால், அதில் வாழும் மெய்நிகர் கணினிகள் அத்தனையும் எழுத இடமின்றித் திணறும். காப்பதற்காக எடுத்தவையே கவிழ்த்துவிடும். வி.எம்.வேர் நிறுவனத்தின் ஏற்பாட்டில் முறை வேறு: மாற்றங்கள் ஒரு தனிக் கோப்பில் சேர்கின்றன. அது வளர்ந்தால் வேகமும் குறையும். எந்த ஸ்நாப்ஷாட்டையும் 72 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம் என்பது அந்நிறுவனமே தரும் அறிவுரை.

ஆகவே, எடுப்பதைவிட அழிப்பதே பெரிய பணி என்பது என் கருத்து. எடுப்பதற்கு யாரும் தயங்குவதில்லை. அழிப்பதற்கோ, “நாளை தேவைப்பட்டால்?” என்று எல்லோரும் அஞ்சுகிறோம். அச்சம் அறியாத ஒரு பணியாளனிடம் அதை ஒப்படைப்பது நலம். இசட்.எஃப்.எஸ்.ஸுக்கென எழுதப்பட்ட சனாய்ட் என்னும் கருவி அத்தகையது. நாம் அதற்குத் தருவது ஒரு சிறு கொள்கைக் குறிப்பு மட்டுமே. அதனுடன் வரும் மாதிரிக் குறிப்பு ஒன்று, மணிக்கு ஒன்றாக 36, நாளுக்கு ஒன்றாக 30, மாதத்துக்கு ஒன்றாக 3 என வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மொத்தம் 69. மணிக்கொன்று வீதம் 90 நாள் சேர்த்துக்கொண்டே போனால் 2,160 ஆகும். அண்மைக் காலத்தை நெருக்கமாகவும் தொலைவை இடைவெளி விட்டும் நினைவில் கொள்ளும் முறை இது. மனித நினைவும் ஏறக்குறைய அவ்வாறே இயங்குகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குறித்த காலந்தோறும் கருவி தானே விழித்தெழுந்து, தேவையானதை எடுத்து, காலங்கடந்ததை நீக்குகிறது. தான் பெயரிட்டவற்றை மட்டுமே நீக்கும். நாம் அவசரத்தில் கையால் எடுத்தவை அப்படியே கிடக்கும். அவற்றை நாமே தேடி நீக்க வேண்டும். கடைசியாக எடுத்தது மிகப் பழையதாகிவிட்டால் எச்சரிக்கும் வசதியும் அதில் உண்டு. நின்றுபோன காவற்காரனை அறியாமல் உறங்குவதைப்போன்ற ஆபத்து வேறில்லை என்பதால், இவ்வசதியை நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை இவ்வாறு படம்பிடித்தால், நினைவகத்தில் இருந்தவை அதில் வாரா. மீட்டெழுப்பும்போது, மின்சாரம் திடீரென்று நின்று மீண்டும் வந்ததுபோல அக்கணினி கண் விழிக்கும். நல்ல தரவுத்தளங்கள் இதைத் தாங்கும். எல்லா மென்பொருளும் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. மேலும், ஸ்நாப்ஷாட்டுகள் அதே வன்தட்டிலேயே உறைகின்றன. வன்தட்டு பழுதானால் 69-உம் அதனோடு போய்விடும். சனாய்டின் துணைக்கருவியான சின்காய்ட், மாறிய பகுதிகளை மட்டும் வேறொரு யந்திரத்துக்கு அனுப்பிவைக்கிறது. அவ்யந்திரம் வேறு கட்டடத்தில் இருப்பது மேல்.

இனி, திரும்பிச் செல்லும் வேளை. இசட்.எஃப்.எஸ்.ஸில் பழைய ஸ்நாப்ஷாட் ஒன்றுக்குத் திரும்பினால், அதற்குப் பின்னர் எடுத்தவை யாவும் அழிந்துவிடும். இடையில் பதிவான மதிப்பெண்களும் போகும். பதற்றத்தில் இருப்பவர் இதை மறப்பது எளிது. ஆதலின் உடனே திரும்பாமல், அந்த ஸ்நாப்ஷாட்டிலிருந்து குளோன் எனப்படும் தனிப் பிரதி ஒன்றை உருவாக்குவார்கள். அதற்கும் தொடக்கத்தில் இடம் செலவாவதில்லை. அதிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியைத் தனியே இயக்கி, பட்டியல் திறக்கிறதா என்று பார்த்து, வேண்டிய கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு அப்பிரதியை நீக்கிவிடுவார்கள்.